எடிட்டர் இல்லாத புத்தகம்: சேலத்து வாசகர் வட்டத்தில் ‘செரிபஸ்’ வழக்கு

வட்டத்தின் பொதுப் பணத்தில் வாங்கிய காமிக்ஸ் வரிசை அது, கனடாக்காரர் டேவ் சிம்மின் ‘செரிபஸ்’. எட்டுப் பாகம் வரை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். ஒன்பதாவது பாகத்தில் கதை நடுவழியில் நிற்கிறது. படைத்தவரே வேறொரு பெயரில் உள்ளே வந்து, பெண் என்றாலே வெறுமை, ஆணின் படைப்பு ஒளியை விழுங்கும் பள்ளம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார். இந்தப் பாகத்தை வட்டத்தின் பெட்டியில் வைத்திருக்கலாமா? மீதி ஏழு பாகத்துக்குக் காசு போடலாமா? சேலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டத்தின் முன் வந்த வழக்கு இவ்வளவுதான்.

நாங்கள் அதைத் தீர்த்துக்கொண்ட விதம், பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி காமிக்ஸ் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று நம்புவதால் விவரமாக எழுதுகிறேன். படைப்பாளியின் குணம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ‘ஆள் வேறு, படைப்பு வேறு’ என்ற இடத்தில் வந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. தானே எழுதி, தானே வரைந்து, தானே அச்சடித்து விற்கும் காமிக்ஸுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்பது என் முடிவு. அங்கே ஆளுக்கும் பக்கத்துக்கும் நடுவில் யாருமே கிடையாது. ஆகவே அவர் எந்தப் பக்கத்தில் உள்ளே வருகிறார், வரும்போது அவரை எதிர்த்துப் பேச அந்தப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

வட்டத்தில் இருப்பவர்களின் பெயரைத் தவிர்த்து, தொழிலைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

பெயர் தெரியாமல் படித்தவர்கள்

எங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் முத்து, லயன், ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள். முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ சிவகாசியிலிருந்து 1972-இல் வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு அந்தக் கதை கட்டம் கட்டமாக நினைவிருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகன் லூயிஸ் கிராண்டேலின் உடம்பு மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, அந்தக் கட்டத்தில் விரல்களின் மேல் விழும் வெளிச்சத்தைக்கூடச் சொல்வார். வரைந்தது யார் என்று கேட்டால் மட்டும் பல ஆண்டுகள் அவரிடம் பதில் இல்லை. எங்கள் யாரிடமும் இல்லை.

வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. எழுதியவர் முதலில் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர் அது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் படைப்பாளி பெயரைப் போடும் வழக்கமே கிடையாது. 1977-இல் வந்த ‘2000 ஏடி’ வார இதழ்தான் அங்கே அந்த வழக்கத்தை நிலைநிறுத்தியது. மூலத்திலேயே இல்லாத பெயர் தமிழுக்கு எப்படி வரும்? ஆகவே நம் ஊரில் இரண்டு தலைமுறை வாசகர்கள், படைத்தவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எழாமல், கதையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வளர்ந்தோம்.

நமக்குத் தெரிந்த ஆள் எடிட்டர்தான். 1984-இல் லயன் தொடங்கியபோதிருந்து எஸ். விஜயன் எழுதிவரும் பக்கங்களைக் கதைக்கு முன்னால் புரட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர்! அடுத்து எந்தக் கதை, ஏன் தாமதம், எந்த அட்டைப்படம் சரியாக வரவில்லை என்று அவர் பேசுவதும், வாசகர்கள் கடிதத்தில் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதும், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவரைச் சுற்றி நின்று உரிமையோடு கேள்வி கேட்பதும் ஒரு குடும்பப் பழக்கம் மாதிரி ஆகிவிட்டது. தமிழ்க் காமிக்ஸில் ஆளுமை என்றால் அது பதிப்பாசிரியரின் ஆளுமை. எதைத் தருவது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் ஒருவர் நடுவில் இருக்கிறார், அவரோடு நாம் சண்டை போடலாம் என்ற நம்பிக்கையில் படித்தவர்கள் நாம்.

இந்தப் பழக்கத்தோடு டேவ் சிம்மின் புத்தகத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதில்தான் இந்த வழக்கின் பாதி இருக்கிறது.

புத்தகமும் ஆளும்

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக் கிச்சனர் ஊர்க்காரர் டேவ் சிம். 1977 டிசம்பரில் ‘செரிபஸ்’ஸின் முதல் இதழைக் கொண்டுவந்தார். எறும்பும் கரையானும் தின்னும் ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்க விலங்குதான் நாயகன். கையில் வாள், வாய் நிறையத் திமிர். மார்வெலின் ‘கோனன்’ கதைகளைக் கிண்டலடிக்கும் கறுப்பு வெள்ளை இதழாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அவருடைய மனைவியான டெனி லூபர்ட் பதிப்பாளர். சில ஆண்டுகளுக்குள் சிம் ஓர் அறிவிப்புச் செய்தார்: இந்தத் தொடர் 300 இதழ் வரும், 300-ஆவதில் செரிபஸ் சாவான். யாரும் நம்பவில்லை. 2004 மார்ச்சில் 300-ஆவது இதழ் வந்தது, செரிபஸ் செத்தான். ஏறக்குறைய 6,000 பக்கம். எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலிலும் போய் நிற்காமல், சொன்ன சொல்லைக் கால் நூற்றாண்டு காப்பாற்றிய மனிதர். இதை முதலில் மனதார ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

26-ஆவது இதழிலிருந்து கதை வேறு உயரத்துக்குப் போகிறது. செரிபஸ் அரசியலில் இறங்கிப் பிரதமராகிறான். அடுத்த பெருங்கதையில் போப்பாகவே ஆகிவிடுகிறான். தேர்தல் பேரம், கூட்டணிக் கணக்கு, கடன், பக்தி வியாபாரம் எல்லாம் வருகிறது. தேர்தல் நேரத்துத் தமிழ்நாட்டில் டீக்கடையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்தப் பாகத்தில் விளக்கவுரை தேவைப்படாது. 65-ஆவது இதழிலிருந்து கெர்ஹார்ட் என்ற ஓவியர் பின்னணி வரைய வந்து, 300 வரை கூடவே இருந்தார்.

தொகுப்புகள் டெலிபோன் டைரக்டரி பருமனில் மொத்தம் 16 பாகம். 1986-இல் முதன்முதலாக அப்படியொரு தொகுப்பைச் சிம் விநியோகஸ்தர்களை விட்டுவிட்டு நேரடியாக வாசகர்களுக்கே தபாலில் விற்றார். விநியோகஸ்தர்கள் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. 1988-இல் அமெரிக்காவின் நார்தாம்ப்டனில் கூடி, படைத்தவனுக்கே படைப்பு சொந்தம் என்று உரிமைச் சாசனம் எழுதிய காமிக்ஸ் கலைஞர்களில் சிம்மும் ஒருவர். ஸ்காட் மெக்லவுட் அதன் முதன்மை ஆசிரியர். தன் இதழின் பின்பக்கங்களைப் புதிய சுயபதிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டவரும் இதே சிம்தான்.

1994 செப்டம்பரில் 186-ஆவது இதழ். இந்த வழக்கின் பொருள் அது. விக்டர் டேவிஸ் என்ற கற்பனை எழுத்தாளர் பெயரில், ஆண் ஒளி, பெண் வெறுமை என்ற நீண்ட கட்டுரை. சிம் பிற்பாடு எதையும் பின்வாங்கவில்லை. 2001-இல் இன்னும் நீளமாக எழுதினார். ஆய்வுக்காக வேதாகமத்தைப் படிக்கப் போனவர் யூத, கிறித்துவ, இஸ்லாமிய நம்பிக்கைகளைத் தன் வழியில் சேர்த்துக்கொண்டு, ரமலானில் நோன்பு இருப்பவராக மாறினார். 2008-இல், ‘டேவ் சிம் பெண்வெறுப்பாளர் என்று நான் நம்பவில்லை’ என்று கையெழுத்துப் போடுபவர்களோடு மட்டுமே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்வேன் என்றார்.

மலையில் நடந்த வாதம்

டொரன்டோவில் இருக்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு மூன்றாகக் கொண்டுவந்து சேர்த்த பாகங்கள் எங்களுடையவை. ஒரு கோடை விடுமுறையில் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கி, படித்தவரை பேசுவது என்று முடிவு. ஒன்பதாவது பாகம் அப்போது கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் டீச்சரிடம் இருந்தது. காலையில் பாதி படித்தார். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“இதுவரைக்கும் படிச்சேன். இதுக்கு மேல என் காசு இதுல போக வேண்டாம்.”

கொலுசுக்கார அண்ணன் சமாதானம் சொல்லப் பார்த்தார். “கதையை மட்டும் பாருங்க டீச்சர். ஆள் எப்படி இருந்தா நமக்கென்னங்க? மாயாவியை வரைஞ்சவர் எப்பேர்ப்பட்டவர்னு கேட்டா படிச்சோம்?”

“ஆளைத் தேடி நான் எங்கண்ணா போனேன்? அவரே கதையை நிறுத்திட்டு எதுக்க வந்து உக்காந்து பேசறாரே!”

அந்த ஒரு பதிலில் பழைய வாதம் செல்லாததாகிவிட்டது என்பது எனக்கு அங்கேயே புரிந்தது. ‘ஆள் வேறு, படைப்பு வேறு’ என்பதை நாம் யாரிடம் சொல்வோம்? படைப்புக்கு வெளியே ஆள் செய்த காரியத்தைத் தோண்டி எடுத்து வருபவரிடம். இங்கே தோண்டவே இல்லை. கட்டுரை புத்தகத்தின் உடம்பில் இருக்கிறது, பக்க எண்ணோடு.

சூரமங்கலத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஐயாதான் வட்டத்தில் அதிகம் படித்தவர். அவர் ஒரு பட்டியலே போட்டார். 1968-இல் ‘ஸாப்’ காமிக்ஸ் இதழைத் தொடங்கிய ராபர்ட் கிரம்ப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் வரைந்த விதம் பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ 2018-இல் சாகும்வரை பல பத்தாண்டுகள் பேட்டி கொடுக்க மறுத்தார். தனியாக அவர் செய்த ‘மிஸ்டர் ஏ’ காமிக்ஸின் நாயகன், நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் எதுவுமே கிடையாது என்று பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டையை நீட்டிக்கொண்டே இருப்பான். ஆலன் மூர் தன் கதையில் எடுத்த படங்களிலிருந்து பெயரையும் பணத்தையும் விலக்கிக்கொண்டார். “எல்லாருமே ஒரு மாதிரிதான் சாமி. தனியா இருந்து வேலை பாக்கறவன் அப்படித்தான் இருப்பான்,” என்றார் ஐயா.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விசித்திரமும் வெறுப்பும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. பேட்டி கொடுக்காத டிட்கோவால் எந்த வாசகிக்கும் எந்தக் காயமும் இல்லை.

ஐந்து ரோடு பக்கம் ஒரு டிசைன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகக் காமிக்ஸ் வரையும் தம்பி அதுவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அக்கா, ஜாகா கதையையும் இதே ஆள்தானே எழுதினாரு? அப்ப உங்களுக்குத்தானே ரொம்பப் பிடிச்சிருந்துச்சு?”

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. ஐந்தாம் பாகத்தைக் கொண்டு வா என்றார்.

இரண்டு பாகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது

‘ஜாகா’ஸ் ஸ்டோரி’ 1988 முதல் 1990 வரை இதழ்களாக வந்தது. சண்டையும் சாம்ராஜ்யமும் ஓய்ந்து, ஒரு மலையோரத்து வீடு, பக்கத்தில் ஆள் வராத ஒரு மதுக்கடை, நாலைந்து பேர். ஜாகா நடனக்காரி, பார்க்க யாருமே வராத கடையில் தினமும் ஆடுகிறாள். கடைக்காரன் பட் விதர்ஸ் சாது மாதிரி இருப்பான். ஆனால் அவன் மனசுக்குள் ஓடுவதை நாம் படிக்கிறோம்: அவளிடம் என்ன சொல்வது, அவள் என்ன பதில் சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை. கட்டத்துக்குக் கட்டம் அந்த ஒத்திகையின் நிறம் மாறுகிறது. சாது முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு பெண் தனியாக வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்கே தெரியாமல் ஆபத்து எப்படி வளர்கிறது என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய காமிக்ஸை நான் வேறு படித்ததில்லை. டீச்சரும் அப்போது அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஜாகாவின் குழந்தைப் பருவம் உரைநடையாக, ஓரத்தில் ஒரே ஒரு படத்தோடு வருகிறது. அது ஆசிரியர் சொல்வது என்று நம்பிப் படித்துக்கொண்டே போவோம். பிறகு தெரிகிறது, அது கதைக்குள் இருக்கும் ஆஸ்கர் என்ற எழுத்தாளர் எழுதும் புத்தகம். ஜாகாவின் கணவன் ரிக் சொன்னதைக் கேட்டு அவர் தன் நடையில் எழுதியது. ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டு ஆண்கள் வழியாக வடிகட்டி நம்மிடம் வந்திருக்கிறது என்பதைப் புத்தகமே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. இறுதியில் விசாரணை அறையில் ஜாகா மறைத்த உண்மை வெளியே வருகிறது, ரிக் அவளை அடிக்கிறான். யார் பக்கம் நியாயம் என்று சிம் சொல்லவில்லை. ஜாகாவுக்கு அவள் குரல் இருக்கிறது, ரிக்குக்கு அவன் அழுகை இருக்கிறது. கூடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கலாம்.

இதன் பக்கத்தில் ஒன்பதாம் பாகத்தைத் திறந்து வைத்தோம். ஒரு புறம் செரிபஸும் சிரினும் ரத்தம் சொட்டச் சொட்டச் சண்டை போடும், பேச்சில்லாத படங்கள். சிரின், பெண்களின் ஆட்சியை நடத்தும் தலைவி. இன்னொரு புறம் அடர்த்தியான எழுத்து. சிம் எழுத்து வடிவத்தில் மன்னன்: கத்தினால் பலூனில் எழுத்து வீங்கும், குடித்தவன் பேசினால் எழுத்தும் தள்ளாடும், ஒவ்வொரு பாத்திரத்தின் குரலும் காதில் கேட்கும். கட்டுரையில் அது எதுவும் இல்லை. ஒரே அச்செழுத்து, ஒரே குரல். குறுக்கே பேச ஒரு பாத்திரம் இல்லை, முகத்தைச் சுளிக்க ஒரு முகம் இல்லை.

டீச்சர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது: “கருத்து மோசம்ங்கறது ஒரு பக்கம். இத்தனை வருஷமா எல்லாருக்கும் குரல் கொடுத்த ஆள், பெண்ணைப் பத்திப் பேசற இடத்துல மட்டும் எல்லார் வாயையும் மூடிட்டாரே. அதான் எனக்குத் தாங்கல.”

வெளியிலிருந்து எதிர்ப்பு வராமல் இல்லை. வாசகர் கடிதங்கள் வந்தன, பலர் படிப்பதை நிறுத்தினார்கள். இதழ் அச்சுக்குப் போகுமுன் ‘இது வேண்டாமே’ என்று சொல்லும் இடத்தில் ஒருவரும் இல்லை. படைப்புச் சுதந்திரம் என்று நாம் கொண்டாடும் அதே ஏற்பாடுதான் இதற்கும் வழி விட்டது. சாசனம் எழுதியவர்கள் போராடிப் பெற்ற உரிமை பொய்யாகிவிடவில்லை. நானும் அதன் பக்கம்தான். ஆனால் நிறுவனத்து எடிட்டரை வெளியே அனுப்பிய பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரை உட்கார வைப்பது என்ற கேள்வியைச் சிம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எதிர்த்துப் பேச ஆள் வைத்தவர்கள்

கேட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதே கனடாவில், அதே பிடிவாதக் குணத்தோடு இருப்பவர் செஸ்டர் பிரவுன். பாலியல் தொழிலாளர்களிடம் பணம் கொடுத்துப் போன தன் அனுபவத்தை 2011-இல் ‘பேயிங் ஃபார் இட்’ என்று புத்தகமாகப் போட்டார். காதல், கல்யாணம் எல்லாம் வேண்டாத சுமை என்பது அவர் கட்சி. பலருக்கு இது சிம்மின் கட்டுரைக்கு இணையான எரிச்சலைத் தரும். ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் அவருடைய நண்பர்களும் சக காமிக்ஸ் கலைஞர்களுமான சேத்தும் ஜோ மேட்டும் நடந்துகொண்டே அவரோடு வாதாடுகிறார்கள். அவர் சொல்வது தப்பு என்று கட்டத்துக்குள்ளேயே சொல்கிறார்கள். பின்னிணைப்பில் சேத்தின் மறுப்பையும் பிரவுன் அச்சிட்டிருக்கிறார். இந்த மூன்று பேரும் ஒருவர் காமிக்ஸில் ஒருவர் பாத்திரமாக வந்தவர்கள். ஜோ மேட்டின் கஞ்சத்தனத்தை அவரே வரைந்தார், நண்பர்களும் விடவில்லை.

என் மனசுக்கு நெருக்கமானவர் ஹார்வி பெகார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் ஃபைல் எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா. வரையத் தெரியாது. குச்சி குச்சியாக மனிதர்களைப் போட்டு, மேலே வசனம் எழுதிக் கொடுப்பார். கிரம்ப் உட்பட பலர் வரைந்தார்கள். 1976 முதல் ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ இதழைக் கைக்காசு போட்டு வெளியிட்டார். ஓய்வு பெறும்வரை அந்தக் குமாஸ்தா வேலையை விடவில்லை. சேலத்துக் கலெக்டர் ஆபீசில் எந்தப் பிரிவில் போய் நின்றாலும் பெகாரைப் பார்க்கலாம் என்பார் ரயில்வே ஐயா.

அவரும் சண்டைக்காரர்தான். 1988-இல் டேவிட் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சியிலேயே உட்கார்ந்து, அந்தச் சேனலைச் சொந்தமாக வைத்திருந்த ஜெனரல் எலக்ட்ரிக்கைத் தாக்கிப் பேசினார்; அப்புறம் சில ஆண்டுகள் அவரைக் கூப்பிடவில்லை. முணுமுணுப்பு, கோபம், பயம் எல்லாம் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும். ஆனால் அவரை ஒவ்வொரு ஓவியரும் ஒவ்வொரு விதமாக வரைகிறார்கள். ஒருவர் கையில் மிருகம் மாதிரி இருப்பார், இன்னொருவர் கையில் பாவமாக இருப்பார். ஆளுமை முழுக்கப் பெகாருடையது, பார்வை அடுத்தவருடையது. 1994-இல் வந்த ‘அவர் கேன்சர் இயர்’ புத்தகத்தை மனைவி ஜாய்ஸ் பிராப்னரோடு சேர்ந்து எழுதினார்; அதில் நோயாளியாக அவர் எவ்வளவு படுத்தியிருக்கிறார் என்பதும் இருக்கிறது. சிம்மின் கட்டுரையில் இல்லாதது எது என்று தம்பிக்கு விளக்க, நான் இந்தப் புத்தகத்தைத்தான் கையில் கொடுத்தேன்.

இன்னொருவர் ஜெஃப் ஸ்மித். 1991-இல் ‘போன்’ (Bone) என்ற காமிக்ஸைத் தொடங்கி, 2004-இல் 55 இதழோடு முடித்தார். சிம்மின் வழியைப் பின்பற்றிச் சுயபதிப்புக்கு வந்தவர். அந்தப் பதிப்பகத்தை நடத்தியவர் அவர் மனைவி விஜயா ஐயர். தன் வேலையை விட்டுவிட்டுக் கணக்கு, அச்சு, விநியோகம் எல்லாவற்றையும் தோளில் எடுத்துக்கொண்டார். இந்தத் தம்பதியரைச் சந்தித்த காட்சியைச் சிம் அந்தக் கட்டுரையில் சேர்த்திருந்தார். நடந்தது அப்படி இல்லை என்று ஸ்மித் பிறகு ஒரு பேட்டியில் மறுக்க, சிம் அவரைக் குத்துச்சண்டைக்கே அழைத்தார், ஸ்மித் போகவில்லை. ஆணின் ஒளியைப் பெண் விழுங்குகிறாள் என்று எழுதியவரின் கண் முன்னால், ஒரு பெண் நிர்வாகம் பண்ணிய காமிக்ஸ் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய மறுப்பு அந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

டீச்சர் நம் ஊர்ச் சாட்சி ஒன்றையும் சேர்த்தார். 1968-இல் சேலத்திலிருந்து ‘நடை’ என்ற சிற்றிதழ் வந்தது. அதன் பின்னால் இருந்த கவிஞர் சி. மணி, வே. மாலி, செல்வம் என்று வேறு வேறு பெயர்களிலும் எழுதினார். சிம்மும் புனைபெயரில்தான் எழுதினார். ஒருவர் தன்னைக் குறைத்துக்கொள்ளப் பெயரை மாற்றினார், இன்னொருவர் தன்னைப் பெருக்கிக்கொள்ள மாற்றினார் என்று டீச்சர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

கெர்ஹார்ட் என்ற மனிதர்

மாலையில் பேச்சுச் சூடு தணிந்து, ஏரிக்கரைப் பக்கம் பஜ்ஜி வாங்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது, அண்ணன் இன்னும் ஐந்தாம் பாகத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுக்கடையின் உட்புறம் வரும் ஒரு பக்கம். மரப்பலகையின் ரேகை, படிக்கட்டின் கல், ஜன்னலில் இருந்து விழும் வெளிச்சம் தரையில் நீண்டு தேய்ந்து இருட்டில் கலப்பது, எல்லாமே குறுக்கும் நெடுக்குமான மெல்லிய பேனாக்கோடு. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அதே அறை.

“இதை வரைஞ்சது அந்தாளு இல்லையே?” என்று கேட்டார்.

“இல்லைங்ணா, கெர்ஹார்ட்.”

“அப்ப இந்த ஆளுக்கு ஒருத்தரும் ஏன் பேசலை? கொலுசு ஒரு கையில முடியற வேலையில்லைங்க தம்பி. கம்பி இழுக்கறது ஒருத்தர், பத்த வெக்கறது இன்னொரு வீடு, பாலீஷ் வேற ஆளு. கடைசில கடைக்காரர் முத்திரைதான் விழுது. நல்லா இருந்தாலும் அவர் பேருதான், கெட்டாலும் அவர் பேருதான். பத்த வெச்சவன் எங்க போறது?”

எங்கள் விவாதம் முழுவதிலும் விடுபட்டுப் போன ஆள் இவர்தான். கட்டுரையில் ஒரு வரியும் கெர்ஹார்ட் எழுதியதில்லை. இருபது ஆண்டுக்கு அருகில் மாதாமாதம் கல்லையும் மரத்தையும் மேகத்தையும் வரைந்தவர். புத்தகத்தைத் தூக்கி எறிந்தால் அவர் உழைப்பும் சேர்ந்து போகிறது; சிம்மை மேதை என்று போற்றினாலும் அவர் பெயர் மறைந்துதான் போகிறது. இரண்டு கட்சியும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தன. தன் இஷ்டத்துக்குப் பக்கத்தைப் பிடித்துக்கொண்ட ஒருவரை எதிர்க்கும்போதுகூட முழுப் பக்கத்தையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

முடிவும் பிறகு நடந்ததும்

மறுநாள் சேலத்துக்கு இறங்குமுன் எடுத்த முடிவுகள் இவை. ஒன்பதாம் பாகம் பெட்டியில் இருக்கும், பக்கம் எதையும் கிழிப்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. மீதி ஏழு பாகத்துக்குப் பொதுப் பணம் கிடையாது. வேண்டியவர் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்து வாங்கும் பொதுப் புத்தகம் ‘போன்’.

ரயில்வே ஐயா ஒன்றை வலியுறுத்தினார், அது நிறைவேறியது: அந்தக் கட்டுரைக்கு டீச்சர் ஒரு பதில் எழுத வேண்டும், அந்தத் தாள்கள் புத்தகத்தின் அந்த இடத்திலேயே செருகி இருக்க வேண்டும். டீச்சர் கையெழுத்தில் எழுதிய பதில் இப்போது அங்கே இருக்கிறது. படிக்க எடுத்துப் போன இரண்டு பேர் தங்கள் குறிப்பையும் அதோடு சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் சிம்முக்குச் சாதகமாக எழுதியிருக்கிறார், அதையும் எடுக்கவில்லை.

வட்டத்தின் ஒவ்வொரு புத்தகத்திலும் இப்போது முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறோம். எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், எழுத்து வடித்தவர், வண்ணம், மொழிபெயர்ப்பு, எடிட்டர் என்று தெரிந்த பெயரையெல்லாம் போடுகிறோம். அண்ணன் தன் வீட்டுப் பழைய முத்து இதழ்களைக் கொண்டுவந்து, மாயாவி கதையில் பிளாஸ்கோ, பல்மர், டல்லி என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். மீதி ஏழு பாகத்தையும் அவர்தான் வாங்கிப் படித்தார். பின்பகுதியில் வேத வியாக்கியானம் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடும் இடங்களைத் தாண்டிப் போனதாகவும், கெர்ஹார்டின் வேலை கடைசி இதழ் வரை சோடை போகவில்லை என்றும் சொல்கிறார். டீச்சர் அவற்றைத் தொடவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

தம்பி வரைந்துகொண்டிருந்த கதை, கோரிமேட்டிலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் ஒரு கண்டக்டரின் ஒரு நாள். ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து விற்பதாக இருந்தான். அச்சுக்குப் போகுமுன் டீச்சரிடம் கொடுத்து, “நீங்கதான் எடிட்டர், அக்கா” என்றான். காலேஜ் பெண்கள் பஸ்ஸில் ஏறும் இரண்டு பக்கத்தை டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, அந்தப் பெண்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று ஓரத்தில் எழுதினார். ஒரு பக்கத்தைத் தம்பி முழுக்க மாற்றி வரைந்தான். இன்னொன்றை மாற்ற மாட்டேன் என்று நின்றான். அந்தப் பக்கத்தில் கண்டக்டர்தான் பேச வேண்டும் என்பது அவன் வாதம். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கம் அவன் விருப்பப்படியே வருகிறது. கதைக்குப் பின்னால் டீச்சரின் ஆட்சேபணை அரைப் பக்கத்துக்கு அச்சாகிறது. சிம்மும் பிரவுனும் இல்லாமல் அந்த அரைப் பக்கம் அவனுக்குத் தோன்றியிருக்காது.